உடைமுள் தாங்கும் டயர்

சைக்கிள் கடைக்கு யாரும் சிரித்த முகத்தோடு வருவதில்லை. வெயிலில் தள்ளிக்கொண்டு வந்த கோபத்தோடுதான் வருவார்கள். நடுவழியில் 'உஸ்' என்று காற்று இறங்குகிற சத்தத்தைக் கேட்டு இறங்கித் தள்ளியவர்கள் உங்களிலும் நிறையப் பேர் இருப்பீர்கள். அப்போது நீங்கள் வாயாரத் திட்டியது என்னைப் போன்ற ஒரு கடைக்காரனைத்தான். என் பக்கத்து நியாயத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது, நாற்பதுகளில், தென்காசியில், இடி விழுந்து பிளந்து நின்ற கோயில் கோபுரத்துக்குக் கிழக்கே என் கடை இருந்தது. டயர் வேண்டும் என்று யார் வந்தாலும் நான் கேட்கிற முதல் கேள்வி, "எந்தப் பக்கம் போறிய?" என்பதுதான். மேற்கே குற்றாலம், செங்கோட்டை என்றால் சாரலும் ஈரமும் சரளைக்கல்லும். அதற்குப் பிடிமானம் நன்றாக உள்ள டயர் வேண்டும். கிழக்கே போனால் உடைமரக் காடு. இரண்டு அங்குல வெள்ளை முள் புழுதிக்குள் படுத்துக் கிடக்கும். அதற்குப் பாரச் சைக்கிளுக்கென்று வருகிற கெட்டி டயர்தான் சரி. உள்ளே துணி அடுக்கு அதிகம். மிதித்தால் மூச்சு வாங்கும், ஆனால் வீடு போய்ச் சேரலாம்.

பொட்டலத்தில் மூன்று முள்

பாவூர்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு கத்தரிக்காய் வியாபாரி வந்தார். ஐந்தாறு டயர்களை எடுத்துப் போட்டேன். அவர் மடியிலிருந்து ஒரு வாழைச்சருகுப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். மூக்குப்பொடி மட்டையாக்கும் என்று நினைத்தேன். உள்ளே மூன்று உடைமுள். அவர் தினமும் போகிற பாதையிலேயே பொறுக்கியதாம். நான் தடுப்பதற்குள் ஒரு டயரைத் தரையில் வைத்து, முள்ளை நிறுத்தி, மரக்கட்டையால் ஒரு போடு போட்டார். முள் மறுபக்கம் எட்டிப் பார்த்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. புதுச் சரக்கில் ஓட்டை போட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்? அவர் அதைக் காதில் வாங்காமல் அடுத்ததற்குப் போனார். கெட்டி டயரில் மூன்றாவது முள் ஒடிந்தது. என் கோபமும் அங்கேயே ஒடிந்துவிட்டது. ஐந்து வருஷமாக டயர் விற்கிற எனக்கு இந்த யோசனை தோன்றவில்லையே என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மிச்ச முள்ளைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு சொன்னார்: "பொண்ணு பாக்கப் போனா நடக்கச் சொல்லிப் பாக்காவல்லா அண்ணாச்சி, டயரை மட்டும் குத்திப் பாக்காம எப்படி எடுக்க?"

எண்ணெய்க் குளியல்

குற்றாலத்தில் அருவிக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற முருகையா, குத்துக்கல்வலசையிலிருந்து தினமும் சைக்கிளில் போவார். அவருக்கு நல்ல டயராகப் பார்த்து நானே மாட்டிக் கொடுத்தேன். மூன்றே மாதத்தில் திரும்பி வந்தார். டயர் ஊறிப்போய், விரலால் அழுத்தினால் அப்பள மாவு மாதிரி அமுங்கியது. என் பிழைப்பில் அப்படி ஒரு டயரை நான் பார்த்ததில்லை.

விசாரித்தேன். புது டயர் வெயிலில் வெடித்துவிடக் கூடாதே என்று வாரம் இரண்டு நாள் காய்ச்சிய நல்லெண்ணெய் தேய்த்து, ஊறவைத்து, அருவித் தண்ணீரில் குளிப்பாட்டியிருக்கிறார். ரப்பருக்கு எண்ணெய்தான் எமன் என்று சொன்னதும் மனிதர் இடிந்துபோய்விட்டார். சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த டயரில் எண்ணெய் படாத ஒரு நெல்லளவு இடம் கிடையாது. அத்தனை சீரான கைவேலை! அப்படிப்பட்ட கையைப் பார்த்துத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. முருகையா பெருமூச்சு விட்டார்: "எத்தனையோ முடங்கிக் கெடந்த உடம்பை இந்த எண்ணெயால எந்திரிச்சு நடக்க வச்சிருக்கேன் அண்ணாச்சி, இந்த ரப்பருக்குத்தான் குடுத்து வைக்கல!"

பக்கத்துக் கடை

என் கடைக்கு அடுத்து, மாட்டுக்கு லாடம் அடிக்கிறவர் இருந்தார். ரோட்டில் மாடுகள் உதிர்த்துவிட்டுப் போகிற லாட ஆணிதான் முள்ளுக்கு அடுத்தபடி டியூப்பின் பகை. ஒருநாள் ஏழாவது ஆணியைப் பிடுங்கிய எரிச்சலில், உம்மால்தான் ஊரெல்லாம் பஞ்சர் என்று அவரிடம் சண்டைக்குப் போனேன். அவர் மாட்டுக் காலை விடாமலே சொன்னார்: "நான் ஆணி அடிக்கேன், நீரு ஓட்டை அடைக்கீரு, ரெண்டு பேருக்கும் படியளக்குதது மாடுதான்வே."

ஒட்டு மேல் ஒட்டு

உலக யுத்தம் வந்து புது டயர் வரத்து நின்றுபோன சமயம். செல்லையா என்று ஒருவர் வந்தார். கிழக்கே உள்ள கிராமங்களுக்கெல்லாம் போய் அம்மை குத்துகிற சர்க்கார் உத்தியோகம். டியூப்பைக் கழற்றி என் முன்னால் போட்டார். இருபத்து மூன்று ஒட்டு. ஒட்டுகளுக்கு நடுவே அங்கங்கே டியூப்பும் இருந்தது.

ஒரு குறிப்பிட்ட ஊர், பெயர் வேண்டாம். அம்மை குத்தினால் மாரியம்மன் கோபித்துக்கொள்வாள் என்று அவர்களுக்குப் பயம். இவர் வருகிற நாள் தெரிந்தால் உடைமுள்ளை ஒடித்துப் பாதையில் உதிர்த்து, மேலே புழுதியைத் தள்ளிவிடுவார்கள். கிளையாகப் போட்டாலாவது தூக்கி எறியலாம். ஈரத்துணி சுற்றிய பெட்டியில் கண்ணாடிக் குழாயில், குத்துகிற மருந்தான அம்மைப்பால் இருக்கும். வெயில் ஏறினால் அது கெட்டுவிடும். அவர் பஞ்சர் ஒட்டி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும். இப்படி மூன்று தடவை திரும்பி வந்திருக்கிறார். இப்போது அடுத்த ஊரில் அம்மை கண்டு இரண்டு பிள்ளைகள் போய்விட்டன. இந்த ஊரில் குத்தாத பிள்ளைகள் முப்பது பேர்.

போலீசில் சொல்லும் என்று நான் குதித்தேன். அவருக்கு ஒரு துளி கோபம் இல்லை. எனக்கு அதுதான் அதிசயமாக இருந்தது. "பயந்தவன்தான அண்ணாச்சி முள்ளு ஒடிச்சுப் போடுதான், பயம் போனா அவனே பெருக்கிருவான், அது வரைக்கும் தாங்குத மாதிரி ஒரு டயரு குடுங்க."

டயருக்குள் டயர்

கடையில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு ஜோடிக் கெட்டி டயர். பெரிய இடத்திலிருந்து இரண்டு பேர் சொல்லி வைத்திருந்தார்கள். அவர்கள் என்னைப் பிறகு திட்டிக்கொள்ளட்டும் என்று எடுத்துவிட்டேன். அதுவும் போதாதென்று இரண்டு பழைய டயர்களின் ஓரக் கம்பியை அறுத்து எறிந்துவிட்டு, அவற்றை உள்ளே படுக்க வைத்தேன். டயருக்குள் டயர். ஓட்டிப் பார்த்தேன். தெரு முனைக்குப் போய் வருவதற்குள் எனக்கு மூச்சு முட்டிவிட்டது. செல்லையா இதில் ஏழு மைல் மிதிக்க வேண்டும். மறு பேச்சில்லாமல் ஏறி உட்கார்ந்தார்.

செய்தவனுக்குப் பார்க்கிற ஆசை இருக்காதா? மறுநாள் விடிகாலையில் என் சைக்கிளில் நானும் கூடப் போனேன். ஊர் எல்லை வந்தது. புழுதிக்கு அடியில் நறுக், நறுக் என்று சத்தம். பத்துக் கஜம் போவதற்குள் என் சைக்கிளின் இரண்டு சக்கரமும் படுத்துவிட்டன. சைக்கிள் கடைக்காரன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். செல்லையா முன்னால் போய்க்கொண்டே இருந்தார். வேர்வையில் அவர் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. ஒவ்வொரு நறுக்குக்கும் என் உயிர் போய் வந்தது. முப்பது பிள்ளைகளின் உயிர் என் கை வேலையை நம்பி அந்தச் சக்கரத்தில் உருண்டுகொண்டிருந்தது. சக்கரத்தில் முள் கொத்துக் கொத்தாகக் குத்தி நிற்க, காற்று இறங்காமல் அவர் ஊருக்குள் போய் இறங்கினார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். டயரையா, அவரையா, தெரியாது.

ஊர் மொத்தமும் வந்து கூடிவிட்டது. அந்த ஊர் அம்மன் கொடைத் திருவிழாவில் சாமியாடுகிறவர் முள்படுக்கையில் புரளுவார். முள் குத்தியும் ரத்தம் வராவிட்டால் அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று பொருள். இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண் முன்னால் வந்து சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். செல்லையா பொய் சொல்லத் தெரியாதவர். "உள்ள பழைய டயரு வச்சிருக்கும்மா, இன்னா நிக்காருல்லா, இந்த அண்ணாச்சி செஞ்ச வேலை" என்று என்னைக் காட்டினார்.

அவள் என்னைப் பார்த்தாள். தரையோடு அப்பிக்கிடந்த என் இரண்டு சக்கரங்களையும் பார்த்தாள். பிறகு பிள்ளையின் கையைச் செல்லையாவிடம் நீட்டிக்கொண்டே சொன்னாள்: "டயரு கடைக்காரரு டயரே படுத்துக் கெடக்கு, இவரு டயரு மட்டும் நிக்குன்னா அது டயரோட வேலையாக்கும்? அம்மா உத்தரவு குடுத்துட்டா, குத்துங்க!"

இத்தனை வருஷம் தொண்டை வறள டயரின் பெருமை பேசி விற்ற எனக்கு ஒரே ஒரு நற்சான்றுதான் கிடைத்தது, அதுவும் அந்த டயர் நின்றதில் எனக்கு ஒரு பங்கும் இல்லை என்று.