தொலைபேசிக்கு உடுத்திய பின்னலாடை

எங்கள் வீட்டு முன்னறையில் கம்பி பூட்டிய தொலைபேசி ஒன்று இன்னும் இருக்கிறது. வருகிறவர்கள் அதைக் கண்டதும், இது வேலை செய்கிறதா என்று தவறாமல் கேட்பார்கள். துறைமுகச் சாலைக்குப் பக்கத்தில் வீடு. கடற்காற்றின் உப்பு சன்னல் கொண்டிகளைத் தின்றது. சுவர்க் கடிகாரத்தைத் தின்றது. மூன்று மின்விசிறிகளைத் தின்றது. தொலைபேசியை மட்டும் ஏனோ விட்டுவைத்திருக்கிறது.

அக்கருவியில் நான் பெரிதும் விரும்புவது, பேசுகுழல் படுக்கும் பள்ளத்தில் நிற்கும் இரண்டு சிறு குமிழ்களைத்தான். குழலை எடுத்தால் அவை எழும். அழைப்பு நம் செவிக்கு வரும். குழலை வைத்தால் அதன் எடையில் அவை அமிழும், பேச்சு அறுபடும். ஓர் உரையாடலின் தொடக்கமும் முடிவும் இவ்வளவு அடக்கமான அசைவில் நிகழ்வது எனக்கு வியப்பே. கல்லூரியில் தமிழ் கற்பித்தவன் பெயரில்லாத பொருளைச் சும்மா விடுவானா? அதற்கு 'அமர்விசை' என்று பெயரிட்டேன். என் மனைவி அதைப் 'பட்டன்' என்பாள். இவ்வீட்டில் என் சொல்லாக்கங்களுக்குக் கிடைக்கும் வரவேற்பு பொதுவாக அவ்வளவுதான்.

தொலைபேசியை நாங்கள் வைத்திருப்பதற்கு ஒரே காரணம் என் மதினி, மனைவியின் தமக்கை. எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் போகும் தொலைவிலுள்ள நாசரேத்தில் தனியே வாழ்கிறார். திருமணம் செய்துகொள்ளாமல் பள்ளியே வீடாக இருந்து, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவர். கைபேசியை அவர் ஏற்பதில்லை. அது மனிதரைச் சந்தையிலும் குளியலறையிலும் போய்ப் பிடிக்கிறதாம். வீட்டுச் செய்தியை வீட்டுக்குத்தான் சொல்ல வேண்டும், மீன்கடையில் நிற்பவளிடம் சொல்லக்கூடாது என்பது அவருடைய கட்டளை. ஆகவே எங்கள் தொலைபேசியை அழைப்பவர் உலகிலேயே அவர் ஒருவர்தான். நாங்கள் பிறரை அழைப்பதற்குக் கைபேசி போதும்.

சென்ற கிறித்துமசு முடிந்த வாரம் நாசரேத்துக்குப் போயிருந்தோம். மதினிக்கு மாடிப்படி ஏறினால் முழங்கால் வலிக்கிறது, துணைக்கும் ஆளில்லை. எங்களோடு வந்து இருந்துவிடும்படி என் மனைவி கேட்டாள். கிழக்கு அறையை ஏற்கெனவே வெள்ளையடித்து வைத்திருந்தாள், அதைச் சொல்லவில்லை. செபம் பண்ணிவிட்டுச் சனிக்கிழமை தொலைபேசியில் சொல்வதாக மதினி சொன்னார். புறப்படும்போது ஒரு பொட்டலம் கொடுத்தார். உள்ளே எங்கள் தொலைபேசிக்கென்று அவரே கொக்கி ஊசியால் பின்னிய வெள்ளை லேஸ் உறை. உடலுக்கு ஓர் ஆடை, குழலுக்கு ஒரு சட்டை; விளிம்பெல்லாம் சிப்பி வடிவில் வளைவு வளைவாக வேலைப்பாடு. மிசன் பள்ளிகளில் அக்காலப் பெண்கள் கற்ற கைத்தொழில் அது. தம் வீட்டுத் தொலைபேசியை அளந்து பின்னியிருந்தார்.

அன்று மாலையே மனைவி அதை உடுத்திவிட்டாள். மணப்பெண்போல் இருக்கிறது என்றாள். இருந்தது. சற்று நேரத்தில் அறையில் எங்கோ வண்டு இரைவதுபோல் மெல்லிய ஒலி ஒன்று எழுந்தது. நான் கைவிளக்கோடு நூலடுக்கின் பின்னால் தேடினேன். வண்டு அகப்படவில்லை, ஒலியும் தானே நின்றுவிட்டது.

சனிக்கிழமை வந்தது. நான் ஒரு விதி வகுத்தேன்: விடை வரும்வரை தொலைபேசியை யாரும் தொடலாகாது. நாம் குழலைத் தூக்கும் அந்த நொடியில் மதினி அழைத்துவிட்டால் என்னாவது? என் மனைவி அதை மனமார ஏற்றாள். தூசியைக்கூட வாயால் ஊதினாள். மீன் வாங்கவும் போகவில்லை. வாசலுக்கு வந்த நெத்திலியோடு அன்றைய சமையல் முடிந்தது. மணி அடிக்கவில்லை. ஞாயிறன்று கோவிலுக்கு அவள் காலை ஆராதனைக்கும் நான் மாலை ஆராதனைக்கும் முறைவைத்துப் போனோம். அப்போதும் அடிக்கவில்லை.

நாமே அழைத்துக் கேட்கலாமே என்றேன். கேட்டால் நெருக்குவதாகும் என்றாள். இசைவில்லாதவளை இழுத்து வந்தாளென்று நாளை யாரும் சொல்லக்கூடாது. அக்காவே வாய் திறக்க வேண்டும். திங்கட்கிழமை காலை, கிழக்கு அறைக்குத் தைத்து வைத்திருந்த திரைச்சீலையை அவள் மடித்துப் பெட்டிக்குள் வைப்பதைப் பார்த்தேன். அக்கா வரமாட்டாள் என்று முடிவு செய்துவிட்டாள். அழவில்லை. நெத்திலியைப் பற்றி மட்டும் தேவையில்லாமல் என்னிடம் சினந்தாள்.

பகல் பதினொரு மணியளவில் வாசலில் ஆட்டோ நின்றது. இறங்கியவர் மதினி. ஏரல் வழிப் பேருந்தில் வந்திருக்கிறார். முகத்தில், ஒரு பள்ளியையே வாயடைக்க வைத்த பழைய கடுமை. நான் பையை வாங்கினேன். தோள் ஒருபக்கம் இறங்கிவிட்டது. மதினி என்னைக் கடந்து நேரே தங்கையிடம் போனார்.

"போன எடுத்துக் கீழ வச்சுட்டா நான் வரமாட்டேன்னு நெனச்சியாளா?"

"யாருக்கா எடுத்து வச்சா? நாங்க அதத் தொடவே இல்ல. நீ போடுவேன்னுல்லா காவ காத்துக் கெடக்கோம்."

"சனிக்கிழம காலையிலருந்து போடுதேன். எப்பப் போட்டாலும் எங்கேஜ்டு. ரெண்டு நாளா விடாம யாருகூட பேசுத, கலெக்டர் கூடயா?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் தொலைபேசியைப் பார்த்தேன். மதினி நிறுத்தவில்லை. வாய்தவறிக் கூப்பிட்டுவிட்டோம், இப்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்வதென விழிக்கிறோமாம். அதற்காகவே குழலை இறக்கி வைத்தோமாம். தமக்கு எல்லாம் விளங்கிவிட்டதாம். முகத்துக்கு நேரே நாங்கள் வேண்டாம் என்று சொல்வதைக் கேட்டுவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவாராம்.

இவ்வளவையும் பேசிக்கொண்டே தொலைபேசியின் பக்கத்தில் போய் நின்றவர், தம் பின்னல் வேலை அதற்கு நன்றாகப் பொருந்தியிருப்பதைக் கண்டு, சினத்தினூடே ஒரு மடிப்பை நீவிவிட்டார். பிறகு குழலை எடுத்துக் காதில் வைத்தார். ஓசையே இல்லை. குழலைத் திரும்ப வைத்தார், எடுத்தார், வைத்தார். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, விடைத்தாள் திருத்துபவரைப்போல் குனிந்து பள்ளத்தை நோக்கினார். உறையின் சிப்பி விளிம்பு உள்ளே மடிந்து, குழல் படுக்கும் இடத்தில் மெத்தைபோல் தடித்துக் கிடந்தது. குழல் அந்த மெத்தையில் சுகமாகப் படுத்திருந்தது. குமிழ்கள் இரண்டும் அமிழாமல் நிமிர்ந்தே நின்றன. இத்தனை நாளும் தொலைபேசி எடுத்த நிலையிலேயே இருந்திருக்கிறது. நான் தேடிய வண்டு குழலின் இரைச்சல்தான் என்றும் அப்போதுதான் விளங்கியது.

"அமர்விசை அமரவில்லை" என்றேன்.

"சுவிச்சு விழலன்னு சொல்லுங்க தம்பி, வெளங்கும்" என்றார் மதினி. பிறகு விளிம்பை விரலால் தூக்கிப் பிடித்து, பிழை கண்ட ஆசிரியையின் பழக்கத்தில் தம்மையறியாமல் கேட்டார்: "இத யாரு பின்னுனது?"

என் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நீதான்க்கா."

மதினி நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு. அன்று கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் அளவுக்குச் சிரித்தார். என் மனைவியும் சேர்ந்துகொண்டாள். தொடாதே என்று விதி வகுத்த மேதையைப் பற்றியும் ஏதோ பேச்சு வந்தது. நான் கேட்காததுபோல் இருந்தேன்.

சிரிப்பு அடங்கியதும் மனைவியின் குரல் தணிந்தது. "என்ன சொல்லதுக்குக்கா போட்ட?"

"அத போன்லதான சொல்லுதேன்னு சொன்னேன்" என்றார் மதினி. லேஸ் விளிம்பை மேலே சுருட்டி ஒரு ஊக்கால் குத்தினார். குழலை வைத்தார். 'டக்' என்று குமிழ்கள் அமிழ்ந்தன. பிறகு தங்கையிடம் கையை நீட்டி, அவளுடைய கைபேசியைக் கேட்டார். அதைப் பல்லியைப் பிடிப்பதுபோல் இரு விரல்களால் வாங்கி, எங்கள் வீட்டு எண்ணை ஒவ்வொன்றாக அழுத்தினார்.

தொலைபேசி மணி வீடு முழுதும் ஒலித்தது. என் மனைவி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு போய்க் குழலை எடுத்தாள். இருவருக்கும் இடையே ஒரு மேசை அகலம்.

"யாரு?"

"நாந்தாம்ளா. நாசரேத்துலருந்து பேசுதேன். ஒங்க வீட்டுக்கு வந்து இருந்துக்கிடுதேன்னு சொல்லத்தான் போட்டேன். இருக்கலாமா?"

என் மனைவி தலையை மட்டும் அசைத்தாள். தொலைபேசியில் அது தெரியாது என்பதை மறந்து. எதிரில் இருந்தவருக்குத் தெரிந்தது.

யாரும் சொல்லாமலே நான் பையைக் கிழக்கு அறைக்குத் தூக்கிப் போனேன். வாயைத் திறந்துகொண்டிருந்த பையில், மடித்த சேலைகளுக்குமேல் பித்தளைக் காப்பி வடிகட்டி ஒன்று எட்டிப் பார்த்தது. அடுத்த வண்டிக்குத் திரும்புகிறவர் வடிகட்டியோடு வருவதில்லை.

முன்னறையில் அழைப்பு இன்னும் முடிந்திருக்கவில்லை.

"வைக்கட்டாக்கா?"

"வையி. பாத்து வையி. விழுந்துச்சா?"

குழல் படுக்கும் ஓசை எனக்கே கேட்டது. "விழுந்துட்டு" என்றாள் என் மனைவி.