வலையை விட்டுவிட்டு வந்தவர்கள்

கர்த்தருடைய பிள்ளைகளே, எனக்கு நீந்தத் தெரியாது. அப்படிப்பட்ட நான் போன டிசம்பரில், குளச்சலுக்கு வெளியே ஆழக்கடலில், கவிழ்ந்த வள்ளத்தின் முதுகில் நாலு மணி நேரம் கிடந்தேன். இன்று உலர்ந்த சட்டையோடு உங்கள் முன்னால் நிற்கிறேன் என்றால் அது என் சாமர்த்தியம் இல்லை. சாமர்த்தியசாலி என்று நினைத்துத்தான் அங்கே போய்க் கிடந்தேன்.

நான் இரணியல்காரன். குளச்சலில் வள்ளங்களுக்கு என்ஜின் பழுது பார்க்கிறேன். இந்த என்ஜின்களைப் பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவார்கள். நிறுத்துவதற்கு முன்னால் மறுபடி பெட்ரோலில் கொஞ்சம் ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே மண்ணெண்ணெய் தங்கி, அப்புறம் ஸ்டார்ட் ஆகாமல் மக்கர் பண்ணும். இதை மறக்கிற மீனவர்களை நான் திட்டாத நாள் கிடையாது.

அன்று காலை, மாதா கோயிலுக்குப் போகிற என் சிநேகிதன் சூசையின் என்ஜினைச் சரிசெய்துவிட்டு, ஓட்டிப் பார்க்க இரண்டு பேருமாகக் கடலுக்குப் போனோம். மத்தியானத்துக்கு மேல் காற்று பலக்கும் என்று அறிவிப்பு இருந்தது. ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுவோம் என்று நினைத்தோம். என் மனைவி மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கட்டிக் கொடுத்திருந்தாள். ஜெபிக்காமல் சாப்பிடலாமா? இரைச்சலாக இருக்கிறதே என்று என்ஜினை டக்கென்று நிறுத்தினேன். மண்ணெண்ணெயிலேயே நிறுத்திவிட்டேன். சூசை சின்ன ஜெபம் என்று நினைத்திருப்பான். நான் உலக சமாதானம் வரைக்கும் போய்வந்தேன்.

ஆமென் சொல்லிச் சாப்பிட்டுவிட்டுக் கயிற்றை இழுத்தேன். ஸ்டார்ட் ஆகவில்லை. பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். கைத்தோல் உரிய இழுத்தேன். அதற்குள் காற்று சொன்ன நேரத்துக்கு முந்திக்கொண்டு வந்துவிட்டது. கரையிலிருந்து கடலுக்கு வீசுகிற காற்று. போட்ட நங்கூரம் நிற்கவில்லை. வள்ளம் வெளியே வெளியே போனது. போனில் சிக்னலும் போனது. பிறகு ஒரு அலை பக்கவாட்டில் அடித்து எங்களைக் கவிழ்த்தது.

சூசை என் தலைமுடியைப் பிடித்து மேலே இழுத்தான். ஒரு காலிக் கேனை என் நெஞ்சோடு கட்டி, எங்கள் இரண்டு பேரையும் ஒரே கயிற்றில் வள்ளத்தோடு சேர்த்துக் கட்டினான். என்மேல் ஒரு சுடுசொல் சொல்லவில்லை. "ஏலே மக்கா, நீ ஒன் ஆண்டவர்ட்ட கேளு. நான் எங்க மாதாட்ட கேக்குதேன். ரெண்டு பக்கமும் சொல்லி வைப்போம்" என்றான்.

ஜெபக்கூட்டத்தில் நான் ஆரம்பித்தால் மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அன்று எனக்கு வார்த்தையே வரவில்லை. என் மகளின் முகம்தான் வந்தது. அழுதேன். "ஏசப்பா, சூசைய மட்டுமாவது கரை சேத்திரும். தப்பு என்னோடது." அவ்வளவுதான் சொன்னேன். என் ஆயுளிலேயே சின்ன ஜெபம் அது.

சூசை என் சிவப்புச் சட்டையைத் துடுப்பில் கட்டி விடாமல் ஆட்டிக்கொண்டே இருந்தான். மழைக்குள்ளிருந்து ஒரு வள்ளம் வந்தது. உள்ளே நாலு பேர், வேறு ஊர்க்காரர்கள், முன்பின் பார்த்ததில்லை. காற்றுக்குப் பயந்து அவசரமாக வலையை வாரிக்கொண்டிருந்தவர்கள், சட்டையைக் கண்டதும் பாதி வலையைக் கடலிலேயே அறுத்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

ஏறியதும் நான் தேம்பித் தேம்பி அழுதேன், சிரிக்கவும் செய்தேன். வள்ளம் போனால் போகட்டும் என்றேன். அவர்களில் மூத்தவரான மிக்கேல் அண்ணன் கேட்கவில்லை. கயிற்றோடு தண்ணீரில் குதித்தார். கவிழ்ந்த வள்ளத்தைச் சுற்றிக் கயிற்றைப் போட்டு, தங்கள் வள்ளத்தால் இழுத்து, மூன்றாவது தடவையில் நிமிர்த்திவிட்டார்கள். சூசை கைதட்டினான்.

"ஒங்க வலை போச்சே, அண்ணே" என்றேன்.

"வலைய நாளைக்குத் தேடிக்கிடலாம். ஒங்கள நாளைக்கு எங்க போய்த் தேட?" என்றார்.

சாயங்காலம் துறைமுகத்தில் என் மனைவி ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். அப்புறம் முதுகில் இரண்டு வைத்தாள். இரண்டுமே இனித்தது. கடல் அடங்கியதும் அந்த வலையைத் தேட நானும் போனேன். கிழிந்துபோய்க் கிடைத்தது. என் பட்டறையில் ஆறு பேருமாக உட்கார்ந்து பின்னினோம். என் முடிச்சைப் பார்த்து அவர்கள் சிரித்த சிரிப்பு பஜார் வரை கேட்டிருக்கும்.

நான் ஒருவனுக்காகத்தான் கேட்டேன். ஆண்டவர் இரண்டு பேரைத் தந்தார், வள்ளத்தைத் தந்தார், மாதா கோயிலுக்குப் போகிற நாலு சகோதரர்களையும் தந்தார். எனக்கு உதவி எந்தச் சபையிலிருந்து வரவேண்டும் என்று இப்போது நான் அவருக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. பிரியமானவர்களே, வார்த்தை வரவில்லையே என்று ஜெபிக்காமல் இருந்துவிடாதீர்கள். அழுதாலும் அவருக்குக் கேட்கும். நீங்கள் அழுதுகொண்டிருக்கும்போதே, உங்கள் பெயர்கூடத் தெரியாத ஒருவர் தன் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு உங்களை நோக்கிப் புறப்பட்டிருப்பார்.