இராக்கம்மா எடுத்துப்போன கத்தரிக்கோல்

அப்புத்தளைக்குக் கீழே சரிவில் கிடக்கும் ஒரு தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்கிறவள் ஜீவராணி. தாய்மார் கொழுந்து பறிக்கப் போனதும் குழந்தைகளை வாங்கித் தொட்டிலில் போடுவது, பால் கரைப்பது, மூக்குத் துடைப்பது எல்லாம் அவள் வேலை. அதில் அவளைக் குறை சொல்ல ஆளில்லை. ஊர் குறை சொல்வதெல்லாம் வேறொன்றைப் பற்றி. கையில் ஒரு காகிதம் கிடைத்துவிட்டால் போதும், அவளுக்கு உலகமே மறந்துபோகும். டொபி சுற்றிய தாளா, சேலைப் பெட்டிக்குள் வந்த மெல்லிய தாளா, தேர்தல் நோட்டீஸா, எதுவானாலும் திருப்பிப் பார்ப்பாள், வெளிச்சத்தில் பிடிப்பாள், நகத்தால் சுரண்டுவாள், மோந்தும் பார்ப்பாள். பஸ்ஸில் பக்கத்திலிருந்தவர் வடை தின்று கசக்கிய தாளைக் கேட்டு வாங்கிய கதையும் உண்டு. அவள் புருஷன் ஜெயகுமார் அன்றைக்கு வேறு சீட்டுக்கு மாறி, யாரோ எவளோ என்பதுபோல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தான்.

எல்லாம் போனில் பார்த்த ஒரு வீடியோவில் ஆரம்பித்தது. யாரோ ஒரு பெண் படங்களையும் பூக்களையும் நாடாவையும் ஒட்டி ஒட்டி ஒரு புத்தகம் செய்தாள். பக்கத்துக்குள் கதவு, கதவுக்குள் பை, பைக்குள் குட்டிக் குட்டிச் சீட்டு. "ஸ்கிரப் புக்குன்னு சொல்றாங்க," என்று ஜீவராணி சொன்னபோது ஜெயகுமார் நம்பவில்லை. குப்பையை ஒட்டி வைக்கப் புத்தகமா? ஆனாலும் மனுஷன் நல்லவன். தேயிலை அடைக்கும் கனத்த காகித மூட்டைகள் அவன் வேலை செய்யும் பெக்டரியில் கிழிந்து போனால், துரையிடம் கேட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தான். அந்த மண்ணிறத் தாளை மடித்துத் தைத்து முதல் புத்தகத்தைச் செய்தாள். கோதுமை மாவில் காய்ச்சிய பசை என்பதால் கரப்பான் பூச்சிகள் அதை ரசித்துத் தின்றுவிட்டன. அடுத்த புத்தகத்துக்குப் பசையில் வேப்பெண்ணெய் கலந்தாள். கரப்பான் ஓடியதோ இல்லையோ, அந்த நாற்றத்தில் ஜெயகுமார் வாசல் இஸ்தோப்பில் போய்ப் படுத்துக்கொண்டான்.

அப்போதுதான் கல்யாணப் பத்திரிகைகள் வந்து சேர்ந்தன. இந்தப் பத்திரிகைகளால் எந்த வீட்டிலும் ஒரு தொல்லை. கல்யாணம் முடிந்த பிறகு அவற்றை என்ன செய்வது? மேலே பிள்ளையார் இருக்கிறார். அடுப்பில் போட முடியாது, குப்பையில் வீச முடியாது, சாமான் சுற்றவும் மனசு வராது. அதனால் அலுமாரிக்கு மேலேயும் சாமிப் படத்துக்குப் பின்னாலும் வருஷக்கணக்காகச் சேர்ந்து கிடக்கும். ஜீவராணி பத்திரிகை வாங்கிக்கொள்கிறாள் என்று தெரிந்ததும் தோட்டமே நிம்மதிப் பெருமூச்சு விட்டது. "இந்தாம்மா, எங்க வீட்டுப் பிள்ளையாரையும் நீயே வச்சுக்க," என்று பை பையாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். அவளுக்கோ கொண்டாட்டம். பிள்ளையார்களை முதலில் பத்திரமாக வெட்டி ஒரு பிஸ்கட் டின்னில் குடியேற்றிவிடுவாள். மிச்சத்தில் தங்க ஓரம் ஒரு பக்கம், மயில் ஒரு பக்கம், பூக்கொடி ஒரு பக்கம் என்று பிரித்து, யார் கல்யாணத்துக்கு எந்தப் பக்கம் என்று புத்தகத்தில் ஒட்டுவாள்.

இந்தக் கத்தரிக்கோல்தான் அவளைக் காலை வாரியது.

கீழ் லயத்து வீட்டு வரிசையில் இருக்கும் இராக்கம்மா ஜெயகுமாருக்கு அக்கா, ஜீவராணிக்கு மதினி. சில வருஷங்களுக்கு முன் மதினியின் மூத்த மகன் கிருஷ்ணராஜுக்குக் கல்யாணம் ஏற்பாடானது. பத்திரிகை வந்தது. அப்படி ஒரு பத்திரிகையை ஜீவராணி அதுவரை பார்த்ததில்லை. பிள்ளையார் தாளிலிருந்து புடைத்துக்கொண்டு நின்றார், தடவினால் தும்பிக்கை விரலில் தட்டுப்பட்டது. எப்படித்தான் புடைக்க வைத்தார்கள்? பின்பக்கம் குழியாக இருக்குமா? பார்க்காவிட்டால் தலை வெடித்துவிடும்போல் இருந்தது. கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்ற நினைப்பே வராமல், கத்தரியை எடுத்துப் பிள்ளையாரைச் சுற்றி வெட்டிவிட்டாள். அந்த நேரம் பார்த்துத்தானா மதினி சீனி கேட்டு உள்ளே வர வேண்டும்!

இராக்கம்மா கத்தரியைப் பார்த்தாள், பிள்ளையாரைப் பார்த்தாள். சீனியும் வாங்காமல் திரும்பிப் போனாள். அடுத்த வாரமே மணப்பெண் தனக்குப் பிடித்தவனோடு கண்டிக்குப் போய்விட்டாள். கல்யாணம் நின்றது. அந்தப் பெண்ணுக்கும் அவனுக்கும் நெடுநாள் பழக்கம் என்று பெண் வீட்டாரே ஒத்துக்கொண்டார்கள். என்ன பிரயோசனம்? "தாலி ஏறுறதுக்கு முந்தியே என் புள்ள பத்திரிகையில கத்தரி வச்சுட்டாளே!" என்று இராக்கம்மா அழுத அழுகை மேல் லயம் வரைக்கும் கேட்டது. அன்றோடு சரி. தம்பியோடு பேசுவாள், தம்பி வீட்டு வாசலை மட்டும் மிதிக்க மாட்டாள். கோயில் வழியில் ஜீவராணி எதிரே வந்தால் இராக்கம்மாவுக்கு உடனே செருப்பு வார் அவிழ்ந்துவிடும், குனிந்துகொள்வாள்.

இப்போது அந்த வீட்டில் மறுபடியும் கல்யாணம். கிருஷ்ணராஜின் தங்கை விதுஷாவுக்கு. நிச்சயதார்த்தத்துக்கு ஜெயகுமார் மட்டும் போனான். ஜீவராணிக்குக் காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டார்கள். காய்ச்சலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, அவளைக் கூப்பிடவில்லை. தாய்மாமனுக்குப் பத்திரிகை வைக்காமல் எந்தக் கல்யாணமும் நடக்காதுதான். ஆனால் பத்திரிகையை வெற்றிலைத் தட்டோடு வீடு தேடி வந்து வைப்பது ஒன்று, பெக்டரி வாசலில் தம்பியைக் கூப்பிட்டுக் கையில் கொடுப்பது வேறொன்று. வாசலில் கொடுத்துவிட்டால் இந்த ஜென்மத்துக்கும் உறவு அவ்வளவுதான் என்று ஜீவராணிக்குத் தெரியும். விதுஷா அவள் தூக்கி வளர்த்த பிள்ளை. அந்தக் கல்யாணத்தை வேலிக்கு வெளியே நின்று பார்க்க வேண்டி வருமோ?

அந்த மாதம் பதுளைக்குப் போனவள் வழக்கம்போல் பஜாரில் ஷஹீலாவின் கடைக்குள் நுழைந்தாள். ஷஹீலா கல்யாணப் பத்திரிகை அச்சடித்துக் கொடுக்கிறவள். பிழையாக அச்சானது, ஓரம் வெட்டியது எல்லாவற்றையும் ஜீவராணிக்கென்று ஒரு பெட்டியில் போட்டு வைப்பாள். அன்றைக்குப் பெட்டியைத் தள்ளிவிட்டு, "இதப் பாருங்களே, உங்கட தோட்டத்துக் கல்யாணக் காட் தான்," என்று ஒன்றை நீட்டினாள்.

கதவுபோல் மூடியிருந்த பத்திரிகை. ஷஹீலா திறந்ததும் உள்ளிருந்து இரண்டு கிளிகள் எழுந்து நின்றன. மூடினால் படுத்தன. கீழே விதுஷாவின் பெயர்.

"எப்படி எழும்புது?" என்று கேட்டபோது ஜீவராணியின் குரலே மாறிவிட்டது.

"எனக்கென்ன தெரியும், கொழும்பில வெட்டி வந்தது. ஒண்டு பிழையா அடிச்சது இரிக்கு. கொண்டு போய்ப் பிரிச்சுப் பாருங்க."

ஜீவராணியின் கை தானாக நீண்டது. அடேயப்பா, அந்தக் கையை இழுத்துக்கொள்ள அவள் பட்ட பாடு! கிளிக்கு அடியில் மடிப்பு எந்தப் பக்கம் போகிறது, ஒட்டியிருக்கிறதா, செருகியிருக்கிறதா என்று கண் துழாவியது. "வேணாங்க," என்றாள். "எனக்கு வர வேண்டிய பத்திரிகை இது. வந்தா வரட்டும். வரலைன்னா இத நான் தொட மாட்டேன்."

ஷஹீலாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இத்தனை காலத்தில் ஜீவராணி ஒரு தாளை வேண்டாம் என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் ஜெயகுமார் வேலை முடிந்து வரும்போது ஜீவராணி அவன் முகத்தைப் பார்க்க மாட்டாள், சட்டைப் பையைத்தான் பார்ப்பாள். பை வெறுமையாக இருந்தால் அவளுக்கு அப்பாடா என்றிருக்கும். மறுநாள் மறுபடியும் அதே பார்வை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வெளியே தூறல். பலகாரம் சுட்டுக் கொடுக்கும் ஒரு வீட்டுக்காகக் காகிதப் பூ செய்துகொண்டிருந்தாள் ஜீவராணி. வீட்டுக் காம்பரா முழுக்கத் துண்டுகள், மடியில் துண்டுகள், தலைமயிரில்கூட ஒன்று. கையில் கத்தரி. வாசலில் நிழல் விழுந்தது. குடையை மடித்துக்கொண்டு மதினியின் புருஷன் அழகர் நின்றார். அவருக்குப் பின்னால், வெற்றிலைத் தட்டைப் பிடித்துக்கொண்டு, இராக்கம்மா.

ஜீவராணி மடித் துண்டுகள் சிதற எழுந்தாள். கத்தரியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். ஒளித்ததை எல்லோரும் பார்த்தார்கள். "வாங்க மதினி," என்று சொல்வதற்குள் அழுகை வந்துவிட்டது.

"அழாத. நல்ல காரியத்துக்கு வந்திருக்கோம்," என்றாள் இராக்கம்மா. துண்டுகளை மிதிக்காமல் பார்த்துப் பார்த்து அடி வைத்து உள்ளே வந்தாள்.

ஜெயகுமார் பாயை விரித்தான். அழகர் உட்கார்ந்ததும், சும்மா இருக்க மாட்டாமல், பக்கத்தில் கிடந்த தடித்த புத்தகத்தைத் திறந்தார். "ஏ புள்ள, இங்க பாரு, நம்ம விதுஷா சடங்குப் பத்திரிகை!" இராக்கம்மா திரும்பவில்லை. அழகர் பக்கத்தைப் புரட்டினார். "இது உன் தங்கச்சி கல்யாணத்துது. இது எதுடி, கதவு மாதிரி தொறக்குது?" இராக்கம்மாவின் கண் ஓரமாக வந்தது. பிறகு கழுத்து வந்தது. கடைசியில் புத்தகத்தையே வெடுக்கென்று பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு பையிலும் விரலை விட்டுப் பார்த்தாள், ஒவ்வொரு கதவையும் திறந்தாள். தேத்தண்ணி ஆறி ஆடை படிந்தது.

எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டுக் கேட்டாள்: "கிருஷ்ணராஜுது எங்க?"

ஜீவராணி பிஸ்கட் டின்னின் அடியிலிருந்து ஓர் உறையை எடுத்தாள். பத்திரிகையும் அதிலிருந்து வெட்டிய பிள்ளையாரும் தனித்தனியாக இருந்தன. "ஒட்டவும் மனசு வரல மதினி, தூக்கிப் போடவும் முடியல."

இராக்கம்மா பிள்ளையாரை அந்த ஓட்டைக்குள் வைத்துப் பார்த்தாள். சரியாகப் பொருந்தியது. "அந்தப் புள்ள ஓடுனதுக்குக் கத்தரிக்கோல் என்ன பண்ணும்? எனக்குத் தெரியாதா? யாரையாச்சும் திட்டணும்னு இருந்துச்சு, நீ ஆப்புட்ட." பிறகு குங்குமம் வைத்து, மஞ்சள் தடவிய பத்திரிகையைத் தட்டோடு ஜீவராணியின் கையில் கொடுத்தாள். "தெரிஞ்சாலும் பயமா இருக்கு. அதனால ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. அந்தக் கத்தரிய என்கிட்ட குடு."

"மதினி?"

"தாலி ஏறுற வரைக்கும் என்கிட்ட இருக்கட்டும். கத்தி, பிளேடுன்னு வேற எதையும் எடுக்கக் கூடாது, சொல்லிப்புட்டேன்."

ஜெயகுமார் சிரித்துவிட்டான். ஜீவராணி சிரிக்கவில்லை. முதுகுக்குப் பின்னாலிருந்த கத்தரியைத் துடைத்து, பிடி அந்தப் பக்கம் இருக்கும்படி நீட்டினாள். இராக்கம்மா அதைச் சேலைக்குள் முடிந்துகொண்டு போனாள்.

வாக்குக் கொடுத்தாகிவிட்டது, ஆனால் மாமன் சீர்த் தட்டுகளை யார் சோடிப்பது? ஒரு நாள் சும்மா இருந்து பார்த்தாள், கை நமநமவென்றது. "என் சவர பிளேடு இருக்கு, யாருக்குத் தெரியப் போகுது?" என்று ஜெயகுமார் ஆசை காட்டினான். "போங்க அந்தப் பக்கம்," என்று விரட்டிவிட்டாள். ஆத்திரத்தில் கையிலிருந்த பச்சைத் தாளை டர்ரென்று கிழித்தாள். கிழித்த ஓரத்தைப் பார்த்தவள் அப்படியே நின்றாள். கத்தரி வெட்டிய ஓரத்தில் இல்லாத ஒரு வெள்ளைப் பஞ்சு அதில் தெரிந்தது. தன் பக்கமாக இழுத்துக் கிழித்தால் வெள்ளை வந்தது, எதிர்ப்பக்கம் இழுத்தால் வரவில்லை. ஏன்? தண்ணீர் தொட்ட விரலால் கோடு போட்டுக் கிழித்தால் மெதுவாக, வளைந்து வளைந்து வந்தது. இதெல்லாம் தாளுக்குள் இத்தனை காலம் இருந்திருக்கிறது, அவள்தான் கத்தரியோடு அலைந்திருக்கிறாள்! பச்சைக்கு மேல் பச்சையாகக் கிழித்து அடுக்கினாள். மேடு மேடாக மலை வந்தது, ஓரத்து வெள்ளையெல்லாம் பனியாக நின்றது. தட்டைச் சுற்றித் தாமரை இதழும் கிழித்தே செய்தாள். விதுஷா வந்து பார்த்துவிட்டு, "அத்த, இத யாருக்கும் குடுக்காதீங்க, மாப்பிள்ள வீட்டுக்கு நானே கொண்டு போறேன்," என்று தட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

அத்தனை நாளும் அந்தக் கிளிப் பத்திரிகை சாமிப் படத்துக்குப் பக்கத்தில் நின்றது. ஜீவராணி தினமும் அதைத் திறப்பாள், மூடுவாள். பிரித்துப் பார்க்கவில்லை.

கல்யாணம் அப்புத்தளையில் ஒரு மண்டபத்தில். கெட்டிமேளம் கொட்டியது, அட்சதை பறந்தது. ஜீவராணி கண்ணைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது, மணப்பெண்ணின் அம்மா சம்பந்திகளை விட்டுவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளை நோக்கி வந்தாள். இராக்கம்மாவின் தலைமயிரில் இன்னும் அரிசி ஒட்டியிருந்தது. இடுப்பு முடிச்சை அவிழ்த்தாள். ஒரு கையில் கத்தரி, மறு கையில் ஒரு கிளிப் பத்திரிகை.

"இந்தா. இப்ப வெட்டு."

"வீட்டுக்குப் போய் வெட்டிக்கிறேன் மதினி."

"இங்கயே வெட்டு. அந்தக் கிளி எப்படி எந்திரிக்குதுன்னு எனக்கும் பாக்கணும். இத்தன நாளா இத வச்சுக்கிட்டு எனக்குத் தூக்கமே இல்ல."

சம்பந்தியம்மா வாயைப் பிளந்து பார்க்க, இரண்டு பட்டுச் சேலைகளும் மண்டபத்து மூலையில் குந்தின. இராக்கம்மா ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள், ஜீவராணி பிள்ளையாரைச் சுற்றி வெட்டி எடுத்துக் கண்ணில் ஒற்றி மதினியிடம் கொடுத்தாள். பிறகு கிளிக்கு அடியில் கத்தரி நுனியைவிட்டு மெல்ல நெம்பினாள். உள்ளே ஒரு சின்னப் பட்டை, நடுவில் ஒரே ஒரு மடிப்பு.

"இவ்வளவுதானா?" என்றாள் இராக்கம்மா.

"இவ்வளவுதான் மதினி."

இராக்கம்மா அந்த மடிப்பை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். "கிருஷ்ணராஜுக்குப் பதுளைப் பக்கம் பொண்ணு பாக்குறோம்," என்றாள், தலையைத் தூக்காமல். "உன் பொத்தகத்துல இதுக்குப் பக்கத்துல அவனுக்கு ஒரு பக்கம் விட்டு வை."

ஜீவராணி தலையை ஆட்டினாள்.

"பத்திரிகை வைக்க வரும்போதே கத்தரிய எடுத்துக்கிட்டுப் போயிருவேன்," என்று சொல்லிவிட்டு இராக்கம்மா எழுந்து, பந்தி பரிமாறப் போனாள்.