மோத்தி தின்ற வெங்காயம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்ன வெங்காயம் நல்லெண்ணெயில் வதங்கும் வாசனை வந்தால், எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் முதலில் எழுந்து நிற்பது எங்கள் நாய் மோத்திதான். முன்னங்கால் இரண்டையும் வாசற்படியின் மேல் வைத்துக்கொண்டு, மீதி உடம்பை வெளியே விட்டுக்கொண்டு, மூக்கை மட்டும் சமையலறைப் பக்கம் நீட்டியபடி நிற்கும். "வாசப்படி தாண்டுனா சோறு கெடையாது" என்று அது குட்டியாக இருந்தபோது அம்மா ஒரே ஒரு தடவை சொன்னாள். அது கிழடாகும்வரை தாண்டவில்லை. நான் அப்படி ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டதில்லை என்பதை அம்மாவே பலரிடம் சொல்லியிருக்கிறாள்.

தொண்ணூறுகளின் கடைசி. அப்பா மராட்டிப் பக்கம் தேஹு ரோடு ராணுவ டெப்போவில் கிளார்க். நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சைவக் குடும்பம், ஆகவே மோத்தியும் சைவம். "எங்க மோத்தி முட்டையக்கூட மோந்து பாக்காது" என்று அம்மா ஊருக்குக் கடிதமே எழுதியிருக்கிறாள், முட்டையை அதற்கு யாரும் காட்டியதில்லை என்பது வேறு விஷயம். அதற்குத் துணையாக இன்னொரு நாயும் உண்டு, சுட்கி. அதுவும் கிழம்தான், ஆனால் நாங்கள் சோறு வைத்தால் முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். அடுத்த வீட்டில், சித்தி என்கிற முறையில் நாங்கள் கூப்பிடும் ஜாதவ் காகு கம்பு மாவில் தட்டிய "பாக்ரி"யைப் பாலில் பிய்த்துப் போட்டால்தான் அதற்கு இறங்கும். "உங்க மோத்தி மத்ராஸி, என் சுட்கி மராட்டி" என்று காகு சிரிப்பார். அம்மாவுக்குச் சிரிப்பு வராது. "நன்றி கெட்டது, என் சாம்பாரு அதுக்கு எளக்காரமாப் போச்சு" என்பாள்.

எனக்கு வெங்காயம் பிடிக்காது. அம்மாவிடம் அதைச் சொல்லி மீள முடியாது, "தட்டுல மிச்சம் வச்சா அடுத்த நேரம் அதே தட்டுதான்" என்பது அவளுடைய இன்னொரு சட்டம். அதனால் நான் வாசற்படியை ஒட்டி உட்கார்ந்து சாப்பிட்டேன். சாம்பாரில் கிடக்கும் வெங்காயமெல்லாம் ஒன்றொன்றாக என் இடது கை வழியாக மோத்தியின் வாய்க்குப் போகும். வருஷக்கணக்காக நடந்த ஏற்பாடு அது. இரண்டு பேருக்கும் சந்தோஷம்.

மோத்தி தினமும் சாயங்காலம் டெப்போ கேட் வரை போய் அப்பாவைக் கூட்டி வரும். அதற்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது ஒருநாள், ஸ்டேஷன் ரோட்டில் ஆட்களை அடைத்துக்கொண்டு ஓடும் "சிக்ஸ் சீட்டர்" ஆட்டோ ஒன்று அதன் பின்னங்கால்களில் ஏறிவிட்டது. அப்பா அதைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார், சட்டையெல்லாம் ரத்தம். ஒரு கால் முறிந்திருந்தது, இன்னொன்று வீங்கியிருந்தது. உள்ளூரில் கட்டுப் போட்டார்கள். அதற்கப்புறம் வயிற்றுக்கு அடியில் ஒரு கோணிச்சாக்கைக் கொடுத்து, இரு முனையையும் அப்பா மேலே தூக்கிப் பிடித்துக்கொள்ள, முன்னங்காலால் மட்டும் நடந்து காலைக்கடனை முடித்துவிட்டு வரும். டெப்போவுக்குப் போகும்போது அப்பா அந்தச் சாக்கை என் கையில் கொடுத்துவிட்டுப் போவார்.

அம்மா அதை வாசற்படிக்கு உள்ளே கொண்டுவந்து படுக்கவைத்தாள். சட்டம் போட்டவளே சட்டத்தை மீறினாள். "ஒடம்பு தேறணும்லா" என்று ஞாயிறு சாம்பார் தினச் சாம்பாராகிவிட்டது. பஜாரில் தமிழ்க்கடைக்கு வாரம் ஒருமுறைதான் சின்ன வெங்காயம் வரும், மற்ற நாளெல்லாம் பெரிய வெங்காயத்தை அரிந்து போட்டு, கரண்டியால் மசித்துப் பிசைந்து ஊட்டினாள். நானும் என் பங்கை நிறுத்தவில்லை.

கால் ஒருவழியாகக் கூடிவந்தது. ஆனால் நாய் எழுந்திருக்கவில்லை. ஈறெல்லாம் சுண்ணாம்பு பூசியது மாதிரி வெளுத்தது, சிறுநீர் டீத்தண்ணி நிறத்தில் போனது, சோற்றைக் காட்டினால் வாலை மட்டும் அசைத்தது. வயசாகிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். "இழுத்துக்கிட்டுக் கெடக்க வேண்டாம், ஊசி போட்டுருவோம்" என்று அப்பா ஒரு சனிக்கிழமை சொன்னார். அம்மா சாம்பாருக்குப் புளி கரைத்தாள்.

ஜாதவ் காகுவின் வீட்டுக்காரர் தன் மாருதி வேனில் எங்களை நகரத்தில் கேம்ப் பகுதிக்கு அழைத்துப் போனார். சுட்கி வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்ததால் அதுவும் வந்தது. ஒரு பழைய பங்களாவின் முன்னறையில் வைத்தியம் பார்த்த கிழ டாக்டர், மோத்தியின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். பிறகு சுட்கியின் உதட்டையும் தூக்கிப் பார்த்தார். அதன் ஈறு நல்ல ரோஜா நிறம். "இது என்ன சாப்பிடும், அது என்ன சாப்பிடும்?" என்று இந்தியில் கேட்டார்.

அப்பா சொன்னார். சாம்பாரில் என்னவெல்லாம் போடுவீர்கள் என்று டாக்டர் அடுத்துக் கேட்டார். ஊசி போட்டுச் சாகடிக்க வந்த இடத்தில் அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, புதுப் பெண்ணுக்குச் சொல்லித்தருகிற மாதிரி பக்குவம் சொன்னாள். அப்பா வரிசையாக இந்தியில் திருப்பினார்: துவரம்பருப்பு, புளி, மல்லி, கை நிறைய வெங்காயம். "ப்யாஸ்? ரோஜ்?" என்றார் டாக்டர், வெங்காயமா, தினமுமா என்று. ஆமாம், தினமும்தான் என்றார் அப்பா. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். வெங்காயம் நாய்க்கு ஆகாது, ரத்தத்தையே உடைத்துவிடும் என்றார். வேறு யாராவது கொடுப்பதுண்டா என்றும் கேட்டார். எனக்கு இந்தி நன்றாகத் தெரியும். நான் சுட்கியின் காதைத் தடவிக்கொண்டு பேசாமல் நின்றேன்.

அன்று ஊசி போடவில்லை. குளுகோஸ் ஏற்றி, டானிக் எழுதிக்கொடுத்து, முட்டை அவித்துக் கொடுக்கச் சொன்னார். திரும்பும் வழியில், நிகடி ஊர் தாண்டும்வரை அம்மா மோத்தியின் தலையைத் தடவிக்கொண்டே வந்தாள். அப்புறம், "என் கையாலதான போட்டேன்" என்றாள். "தெரிஞ்சா போட்ட?" என்றார் அப்பா. "தெரியாம போட்டா மட்டும் வெசம் இனிக்குமா" என்றாள். அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். அடிக்குப் பயந்து சொல்லவில்லை. அடி விழுந்திருக்காது என்று இப்போது தெரிகிறது.

மறுநாள் கொல்லையில் ஒரு பம்ப் ஸ்டவ் முளைத்தது, அதில் அம்மா மூக்கைச் சுளித்துக்கொண்டு முட்டை அவித்தாள். மோத்தி எழுந்தது. நொண்டிக்கொண்டே இன்னும் இரண்டு வருஷம் இருந்து, ஒரு குளிர்காலத்து மத்தியானம் வெயிலில் படுத்தபடியே போய்ச்சேர்ந்தது. சுட்கி அடுத்த மழைக்காலம் வரை தாங்கியது. அவை இரண்டும் இருந்தவரை எங்கள் சாம்பாரில் வெங்காயம் இல்லை, பிறகும் அம்மா போடவில்லை. அப்பா சாகும்வரை ஒருநாளும் வெங்காயச் சாம்பார் கேட்கவில்லை.

இப்போது அம்மா வாகட் பகுதியில் என் ஃபிளாட்டில், எட்டாவது மாடியில் இருக்கிறாள். சிக்ஸ் சீட்டர்கள் ரோட்டை விட்டுப் போய்விட்டன, எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையை இடித்துவிட்டார்கள், வெங்காயம் வதங்கும் வாசனையைச் சிம்னி இழுத்து எங்கோ விட்டுவிடுகிறது. வெங்காயத்தின்மேல் எனக்கு வயது ஏறியபின் பிடிப்பு வந்தது, நான் வெங்காயம் போட்டுச் சாம்பார் வைத்தால் அம்மாவும் குறை சொல்லாமல் சாப்பிடுவாள். ஆனால் மிச்சத்தைக் கொட்டுமுன் வெங்காயத்தையெல்லாம் பொறுக்கி ஒரு பையில் போட்டு முடிந்துதான் குப்பையில் சேர்ப்பாள். கீழே நாய்கள் கிளறுமாம். குப்பை மூடிய வண்டியில் போகிறது, எந்த நாயும் கிளற முடியாது என்று நூறு தடவை சொல்லிவிட்டேன்.

போன ஞாயிறு அவள் அப்படிப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்று, என் தட்டு வெங்காயமும் மோத்திக்குத்தான் போனது என்று சொன்னேன். இருபத்தைந்து வருஷம் கழித்துத்தான் சொல்ல முடிந்தது. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நீ எதுக்கு வாசப்படி கிட்ட உக்காந்து தின்னன்னு எனக்குத் தெரியாதாட்டி? சின்னப் பிள்ளை தலையில பழிய ஏத்தக்கூடாதுன்னுதான் நான் பேசாம இருந்தேன். அந்தப் பைய எடு."