பர்லியாறு தாண்டினால் பேஸ் இல்லை

பாட்டில் வரி, மெட்டு இதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம். அடிவயிற்றில் வந்து இடிக்கிற அந்தக் கனத்த ஒலி, பேஸ், இருந்தால் போதும். அதற்காக நான் வாங்கிக் குவித்த இயர்போன்களைப் பார்க்கும்போதெல்லாம், இருப்பது ரெண்டே காது என்று என் மனைவி நினைவுபடுத்துவாள். போன மார்கழியில் பழையதையெல்லாம் அவள் தம்பிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, இன்னும் ஒன்றே ஒன்று, அதுதான் கடைசி என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அப்புறம்தான் ஊட்டியிலிருந்து கோயமுத்தூருக்கு பஸ் ஏறினேன்.

கடையில் மாட்டிப் பார்த்தபோது மண்டைக்குள் லாரி ஓடியது. காதுக்குள் போகிற முனையில் பஞ்சு போல ஒரு நுரை. விரலால் நசுக்கி உள்ளே விட்டால் மெல்ல உப்பிக் காதை அடைத்துக்கொள்ளும். சந்தோஷத்தில் கடைக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை வீட்டில் மாட்டினால் பேஸைக் காணோம். வெறும் கீச்சுச் சத்தம்தான். செய்த சத்தியமோ கழுத்தைப் பிடித்தது. மனைவியிடம் பிரமாதம் என்று தலையாட்டிவிட்டு, ஒரு வாரம் சோறு இறங்காமல் கிடந்தேன்.

பிறகு ஏதோ வேலை என்று சொல்லிவிட்டு மறுபடி கீழே இறங்கினேன். கடைக்காரர் என்னையே மாட்டிப் பார்க்கச் சொன்னார். லாரி ஓடியது. அசடு வழிய மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். மேட்டுப்பாளையம் தாண்டியும் லாரி கூடவே வந்தது. மலைப்பாதையில் பர்லியாறில் பஸ் நின்றபோது டீ குடிப்பதற்காகக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன். குன்னூரில் திரும்ப மாட்டினால் லாரி இல்லை. மலையேறினால் பேஸுக்கு மூச்சு வாங்குமோ என்று சந்தேகம் வந்துவிட்டது. குடும்பத்தோடு கீழே குடிபோய்விடலாமா என்றுகூட யோசித்தேன்.

அடுத்த நாள் தலைக்குத் தேய்க்கத் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தேன். ஒரு சொட்டு விழவில்லை. மார்கழியில் எங்கள் ஊரில் அது கல்லாகத்தான் இருக்கும். அடுப்போரம் வைத்துக் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. எண்ணெயே கல்லாகிற குளிரில் நுரை எப்படி உப்பும்? விறைத்துப்போய் அது காதை அடைக்கவே இல்லை. அந்த இடுக்கு வழியாகத்தான் என் பேஸ் முழுக்க ஒழுகிப் போயிருந்தது.

இயர்போனை அக்குளில் இடுக்கிக்கொண்டு அடுப்புமுன் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து மாட்டினேன். லாரி வந்தது. என்னை அறியாமல் எழுந்து ஆடிவிட்டேன். உள்ளே வந்த மனைவி, அப்படி என்னதான் இருக்கிறது என்று பிடுங்கித் தன் காதில் மாட்டினாள். சோறு பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து அது அவள் காதில்தான் இருக்கிறது. காலையில் அக்குளில் வைத்துச் சூடாக்கிக் கொடுப்பது மட்டும் என் வேலை. நேற்று மெதுவாக, இன்னொன்று வாங்கட்டுமா என்று கேட்டேன்.

"ஏனுங்க, எந்தலைல அடிச்சு சத்தியம் பண்ணுனது மறந்து போச்சுங்களா?" என்றாள், இயர்போனைக் கழற்றாமலே.