மீட்டரம்மா ஏற்றத்தில் நிறுத்திய வண்டி

லாரிகள் நிற்கும் மைதானத்தில் அவளுக்கு மீட்டரம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். மற்றவர்கள் சாலையைப் பார்த்து ஓட்டுகிறார்கள், இந்த அம்மா மீட்டரைப் பார்த்து ஓட்டுகிறாள் என்று கேலி. அவள் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

வயது நாற்பத்தாறு. ஸ்டியரிங் பிடித்து ஏழு வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் ஓட்டியவர் அவளுடைய கணவர், அதுவும் சொந்த லாரி. ஒரு மலையேற்றத்தில் கியர்பாக்ஸ் எண்ணெய் தீய்ந்து, உள்ளே இருந்ததெல்லாம் கருகி, வண்டி கைவிட்டுப் போனது. அடுத்த வருடமே அவருக்கு முதுகும் போனது. அரை மணி நேரத்துக்கு மேல் அவரால் ஸ்டியரிங் முன் உட்கார முடியாது. அவள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். வேறு வழி இல்லை என்பதைத் தவிர அதில் சொல்லப் பெரிதாக எதுவும் இல்லை. இப்போது இருவரும் ஒரு நிறுவனத்தின் லாரியில் போகிறார்கள். முதுகுக்குத் தலையணை கொடுத்துக்கொண்டு அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வருவார். கயிறு இறுக்குவது, பின்னால் எடுக்கும்போது கை காட்டுவது எல்லாம் அவர் வேலை.

அந்த வெள்ளிக்கிழமை ஏற்றியிருந்தது கல்லுடைக்கும் இயந்திரம். இருபத்தெட்டு டன். மலைக்கு அந்தப்புறம் குவாரியில் நாலு மணிக்குள் இறக்கிவிட்டால் இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம். திரும்பியாக வேண்டும். மறுநாள் காலை ஏழு மணி ரயிலில் மகள் முதல் வேலைக்காக வெளியூர் கிளம்புகிறாள்.

நாலாவது வளைவில் கியர்பாக்ஸ் எண்ணெயின் சூட்டைக் காட்டும் முள் ஏறத் தொடங்கியது. கியர் தானாக மேலும் கீழும் மாறி எண்ணெயைச் சூடாக்காமல் இருக்க, அடிவாரத்திலேயே அவள் இரண்டாவது கியரில் பூட்டிவைத்திருந்தாள். அப்படியும் ஏறியது. இரண்டு மணி வெயில். ஜன்னல் வழியாக வந்த காற்று அடுப்பைத் திறந்தது போல் இருந்தது.

"என்னங்க, எண்ணெய்ச் சூடு நூத்திப் பத்துக்கு வந்துடுச்சு."

"தீஞ்ச வாசனை ஒண்ணும் வரலையே. இன்னும் ஆறு வளைவுதான். போ."

"வாசனை வந்தப்புறம் நிறுத்தி என்ன பிரயோஜனம்?"

சொன்னாளே தவிர, நிறுத்தவில்லை. அவளுக்கும் வீட்டுக்குப் போக வேண்டும். மேலும் ஒரு வளைவு ஏறினாள். முள் நூற்றிருபதைத் தொட்டது. ஒரு பஞ்சர் கடையும் அதன் முன்னால் கொஞ்சம் அகலமான இடமும் தெரிந்ததும், பல்லைக் கடித்துக்கொண்டு ஓரம் கட்டினாள்.

கணவர் இறங்கிச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்தார். அவள் நியூட்ரலில் போட்டு, இன்ஜினை அணைக்காமல் கொஞ்சம் வேகமாகவே ஓடவிட்டாள்.

"அணைச்சுத் தொலையேன். சத்தம் மண்டையைக் குடையுது."

"அணைச்சா எண்ணெய் நின்னுடும். ஓடுனாத்தான் கூலருக்குப் போய் ஆறும்."

அவர் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு அடியில் குனியப்போனார்.

"அதுமேல ஊத்திடாதீங்க! கொதிக்கிற இரும்பு, விரிசல் விட்டுடும்."

அவருக்கும் தெரிந்த விஷயம்தான். நிமிர்ந்து, கேனிலிருந்த தண்ணீரைத் தன் தலையில் ஊற்றிக்கொண்டார்.

அவள் வண்டியின் முன்பக்கத்தைத் திறந்து பார்த்தாள். ரேடியேட்டருக்கு முன்னால் இருந்த எண்ணெய்க் கூலரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே காற்று புக இடமே இல்லை. எங்கோ கசிந்த எண்ணெயில் குவாரித் தூசியும் செத்த பூச்சிகளும் ஒட்டி, சுவர் பூசியது போல் அடைத்திருந்தன. கழுவ வேண்டும் என்று இரண்டு வாரத்துக்கு முன்பே மைதானத்தில் சொல்லியிருந்தாள். அடுத்த சர்வீஸில் பார்க்கலாம் என்று பதில் வந்திருந்தது.

பஞ்சர் கடைக்காரர் காற்றுக் குழாயை இழுத்துக்கொண்டு வந்தார். "முன்னாடி நின்னு ஒரு அடி அடிச்சா எல்லாம் பறந்துடும்."

"பின்பக்கத்துலேர்ந்து அடிங்கண்ணே. முன்னாலேர்ந்து அடிச்சா அழுக்கு உள்ளதான் போகும். காத்தையும் கொறச்சு வைங்க, தகடு மடங்கிடும்."

கடைக்காரர் கணவரைப் பார்த்தார். "டிரைவரண்ணே, வீட்டுல நல்லாத்தான் டிரெயினிங் குடுத்து வச்சிருக்கீங்க."

"டிரைவர் அவங்கதான்," என்றார் கணவர். "நான் சும்மா துணைக்கு."

தூசி மேகமாகக் கிளம்பியது. அந்த நேரம் பார்த்து மைதானத்து மேற்பார்வையாளரின் போன் வந்தது.

"அக்கா, கிரேன்காரர் நாலு மணிக்கு மேல நிக்கமாட்டேங்கிறாரு. மெதுவாவாவது ஏறி வந்துடுங்களேன்."

"பாரத்தோட மெதுவா ஏறுனாத்தான் தம்பி சூடே ஏறுது. ஆறாம எடுக்கமாட்டேன்."

"அப்ப நாளைக்குக் காலைலதான்க்கா இறக்குவாங்க."

அவள் போனை மடியில் வைத்துக்கொண்டு லாரியின் நிழலில் உட்கார்ந்தாள். முழங்கால் வலித்தது. கணவரும் மெல்ல வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நம்ம வண்டி போன அன்னிக்கு, சூடு காட்டுற முள்ளு வேலை செய்யலன்னு சொன்னேன்ல?"

"ஆமா."

"செஞ்சுது. பாத்தேன். ஏறிடலாம்னு நினைச்சேன்."

"இத்தனை வருஷமா அந்த மீட்டர் செஞ்சவனைத் திட்டிக்கிட்டு இருக்கேன்," என்றாள். "பாவம், எவன் பெத்த பிள்ளையோ."

அவர் சிரித்துவிட்டார். சிரித்ததில் முதுகு பிடித்துக்கொண்டது. அவள் சிரிக்கவில்லை, கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

எண்பத்தைந்துக்கு முள் இறங்க ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. அளவுகோலை உருவி கியர்பாக்ஸ் எண்ணெயைப் பார்த்தாள். கருகிக் கறுக்காமல் சிவப்பாகவே இருந்தது. அவர் முகர்ந்து பார்த்துத் தலையாட்டினார். மீதி வளைவுகளை ஏறும்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. ஒவ்வொரு வளைவிலும் ஏதாவது கேட்டுவிட வேண்டும் என்று வாய் வரை வந்தது. முள் தொண்ணூற்றைந்தைத் தாண்டவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள்.

குவாரியை அடைந்தபோது ஐந்தேகால். கிரேன் போய்விட்டிருந்தது. மகளைப் போனில் கூப்பிட்டாள்.

"பக்கத்து வீட்டு அக்கா ஸ்டேஷனுக்கு வர்றாங்கம்மா. நான் பாத்துக்கிறேன்."

"கோபமா?"

"தெரியலம்மா. ரயில்ல ஏறுனப்புறம் சொல்றேன்."

மறுநாள் ஏழேகாலுக்கு இயந்திரம் கொக்கியில் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. இரண்டு கையிலும் கயிறு. இறக்கி முடித்துத் திருப்பிக் கூப்பிட்டதும் மகள் பெட்டியின் பூட்டு திறக்கவில்லை என்றாள். சாவியை முழுசாக உள்ளே விடாமல் கொஞ்சம் வெளியே இழுத்துத் திருப்பு என்றாள் அம்மா. திறந்துகொண்டது. அதற்குமேல் பேசுவதற்குள் இணைப்பு அறுந்தது.

வீடு சேர்ந்தபோது பிற்பகல். மகளின் கட்டிலில் போர்வை மடித்து வைத்திருந்தது. கிரீஸ் கறை உடையோடு அதில் அப்படியே சாய்ந்தாள். சாப்பிட வா என்று கணவர் கூப்பிட்டார். அப்புறம் என்றாள்.

இரண்டு நாள் அவரோடு அளந்துதான் பேசினாள். அவரும் வற்புறுத்தவில்லை, தட்டைக் கழுவி வைத்தார், துணியைக் காயப்போட்டார். மூன்றாம் நாள் காலை அடுத்த லோடு தயாராக இருப்பதாகத் தகவல் வந்தது. அவள் முகம் கழுவிக்கொண்டு வந்தபோது, அவர் செருப்பைக்கூட மாட்டாமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார், தன்னைக் கூட்டிப்போவாளா என்பது போல.

"கிளம்புங்க," என்றாள். "வெயில் ஏறுறதுக்குள்ள போயிடலாம்."