போலீஸ் ஐயா வரவில்லை

போலீஸ் தனிப்பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் அங்கே ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவன். வெளிநாட்டுக்காரர்களைக் கண்காணிப்பது என் வேலை. சட்டம் வெள்ளைக்காரன் போட்டது, அலைச்சல் என்னுடையது.

ராஜபாளையத்தில் ஒரு மில்லுக்கு நூல் சுற்றும் மெஷினை மாட்டிக் கொடுக்க, லின் என்ற சீன எரெக்டர் வந்திருந்தார். அந்த நேரம் பார்த்து எல்லையில் இரண்டு நாட்டு ராணுவமும் மோதிக்கொண்டன. சீனர்களின் விசாவையெல்லாம் மேலிடம் துருவ ஆரம்பித்தது. தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போய், லாட்ஜில் லின்னை நேரில் பார்த்து ரிப்போர்ட் தர எனக்கு உத்தரவு. முதல் நாளே மிடுக்காக, "எங்க போனாலும் நோட்டுல எழுதி வையும்" என்றேன். என் செல்போன் அதைச் சீன மொழியில் சொன்னது. தலையாட்டினார்.

ஒரு செவ்வாய்க்கிழமை கிருஷ்ணன்கோவிலில் மச்சினன் வீட்டு விசேஷம். லாட்ஜுக்குப் போகாமலே, "அறையில் நேரில் பார்த்தேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் கத்தினார்.

"சைனாக்காரன் ரூம் பூட்டிக் கெடக்காம்யா! தலைமறைவுன்னு மேல அனுப்பப் போறேன்."

அனுப்பினால் விசா ரத்து. அந்த மனிதர் இனி இந்தியப் பக்கமே வர முடியாது. இரண்டு மணி நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு மில்லுக்கு ஓடினேன்.

அங்கே விசாரித்துக்கொண்டு போனால், லின் செட்டியார்பட்டியில், மில் ஃபிட்டர் கணேசன் வீட்டில் காய்ச்சலோடு படுத்திருந்தார். கணேசன் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டார். "காய்ச்சக்காரர லாட்ஜுல தனியா விடச் சொல்லுதியளா ஏட்டையா?"

அழைத்து வந்தேன். லின் இன்ஸ்பெக்டர் முன்னால் நோட்டை வைத்தார். டீ குடித்தது, முடி வெட்டியது எல்லாம் நேரத்தோடு ஆங்கிலத்தில் இருந்தது. செவ்வாய்க்கிழமைக்கு இப்படி: "காலை எட்டு மணி முதல் காய்ச்சல். அறையில் காத்திருந்தேன். போலீஸ் ஐயா வரவில்லை. மாலை ஐந்து மணி, கணேசன் வீட்டுக்குப் போகிறேன்."

இன்ஸ்பெக்டர் என் ரிப்போர்ட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். "எதுய்யா பொய்யி? இந்த நோட்டா, உம்ம ரிப்போர்ட்டா?"

நோட்டு என்று சொன்னால் நான் தப்பிவிடலாம். லின் என்னைப் பார்த்துச் சிரித்தார். பேசுவது எதுவும் அவருக்குப் புரியவில்லை.

"என் ரிப்போர்ட்டுதான் ஐயா."

இன்ஸ்பெக்டர் நோட்டை மூடி லின்னிடம் கொடுத்தார். பிறகு, "உமக்கு மெமோ. அவருக்கு ஒரு டீ சொல்லும்" என்றார்.

மெஷின் ஓடியது. ஊருக்குக் கிளம்பும்போது லின் நோட்டை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார். பார்க்காததைப் பார்த்ததாக அதற்குப் பிறகு நான் ஒரு வரி எழுதவில்லை. நீங்களும் எழுதாதீர்கள். என்னைத் திருத்திய லின்னுக்கும், மெமோ கொடுத்த அந்த இன்ஸ்பெக்டருக்கும் நான் நன்றிக்கடன் பட்டவன்.

நோட்டு இன்னும் என் பீரோவில் இருக்கிறது. அந்தப் புதன்கிழமை தொடங்கி அவர் கிளம்பிய நாள் வரை, ஒரு நாள் விடாமல் அந்த வரி இருக்கிறது: "போலீஸ் ஐயா வந்தார்."